சரக்கைப் பார்க்காமல் கடிதத்தை நம்பிய வங்கி

வங்கியொன்று தனது கணனி முறைமையை மாற்றப் போகிறது என்று அறிவித்தல் வந்தால், வியாபாரிகளாகிய நாம் அதைப் பெரிதாகக் கணக்கில் எடுப்பதில்லை. வார இறுதியில் சேவைகள் தடைப்படும், சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று இரண்டு வரி இருக்கும். வாசித்துவிட்டு நமது வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். பிரித்தானியாவின் ரி.எஸ்.பி. வங்கி வாடிக்கையாளர்களும் 2018 ஏப்ரலில் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் மூடிய இணைய சேவை ஞாயிறு மாலை திறக்கும் என்றார்கள். திறந்தது. ஆனால் உள்ளே போக முடியவில்லை.

இந்தக் கதையின் முன்பகுதியைச் சொன்னால்தான் பின்பகுதி விளங்கும். ரி.எஸ்.பி. முன்பு லொயிட்ஸ் வங்கிக் குழுமத்தின் ஒரு பகுதியாக இருந்தது. 2013 இல் அது தனி வங்கியாகப் பிரிக்கப்பட்டது. 2015 இல் ஸ்பெயின் நாட்டின் சபடெல் வங்கி 1.7 பில்லியன் பவுணுக்கு அதை வாங்கியது. பெயர்ப்பலகை மாறியது, முதலாளி மாறினார், கணக்குகள் மட்டும் லொயிட்ஸின் கணனிகளிலேயே இருந்தன. அதற்காக ரி.எஸ்.பி. வருடாவருடம் பெருந்தொகை கட்டணம் செலுத்தியது. போட்டி வியாபாரியின் கட்டடத்தில் வாடகைக்குக் கடை நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று நம்மில் பலருக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. எனவே வெளியேற வேண்டும் என்ற முடிவில் பிழையில்லை. வெளியேறும் செலவுக்கு லொயிட்ஸே 450 மில்லியன் பவுண் கொடுக்கவும் ஒப்பந்தம் இருந்தது.

சபடெல்லிடம் புரோட்டியோ என்ற சொந்த மென்பொருள் இருந்தது. ஸ்பெயினில் வாங்கிய வங்கிகளையெல்லாம் அதற்குள் கொண்டுவந்த அனுபவமும் இருந்தது. அந்த நம்பிக்கையில் பிரித்தானியாவுக்கென ஒரு புதிய வடிவத்தைச் செய்யும் பொறுப்பு, சபடெல்லின் சொந்த ஐ.ரி. கம்பனியான சாபிஸிடம் போனது. ஸ்பெயினில் ஓடுகிற மென்பொருளைக் கொஞ்சம் மாற்றினால் போதும் என்பது ஆரம்பக் கணக்கு. வேலையில் இறங்கியபோது பெரும்பகுதியைப் புதிதாகவே எழுத வேண்டியிருந்தது.

52 இலட்சம் வாடிக்கையாளர்களின் விபரங்கள் அந்த வார இறுதியில் பெரும்பாலும் ஒரே தடவையில் மாற்றப்பட்டன. இதில் கவனிக்க வேண்டிய விடயம், விபரங்கள் பத்திரமாகத்தான் போய்ச் சேர்ந்தன. பழைய களஞ்சியத்திலிருந்து புதிய களஞ்சியத்துக்குச் சாமான் குறையாமல் வந்துவிட்டது. புதிய களஞ்சியத்தின் கதவுதான் திறக்கவில்லை. சபடெல் தரப்பிலிருந்து வெற்றி அறிவித்தலும் வெளியாகிவிட்டது. அதே நேரத்தில் 19 இலட்சம் பேர் வரை தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் நின்றார்கள். சிலருக்கு வேறொருவரின் கணக்கு விபரம் திரையில் தெரிந்தது. கிளைகளும் தொலைபேசிச் சேவையும் நெரிசலில் திணறின. குழப்பத்தைப் பயன்படுத்தி மோசடிக்காரர்கள் புகுந்து, சுமார் 1,300 வாடிக்கையாளர்களின் பணத்தைச் சுருட்டினார்கள். எல்லாம் வழமைக்குத் திரும்ப அந்த வருட டிசம்பர் வரை சென்றது.

சம்பளம் போட வேண்டிய நாளில் கணக்கு திறக்காவிட்டால் ஒரு சிறு முதலாளியின் நிலை என்ன? வேலையாட்களுக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டும். சரக்குத் தந்தவருக்கு வாக்குத் தவறும். பணம் இல்லாததால் அல்ல, பணம் இருந்தும். இருபது வருடம் கட்டிக் காத்த நாணயத்தை அடுத்தவரின் கணனி ஒரு காலைப் பொழுதில் கெடுத்துவிடும். ஆகவேதான் இதை ஐ.ரி. பொடியன்மாரின் விவகாரம் என்று ஒதுக்கிவிட நான் தயாரில்லை. வைப்புப் பணம் ஓர் அமானத். அதைப் பாதுகாப்பதில், கேட்ட நேரத்தில் கொடுப்பதும் சேர்ந்தே வருகிறது.

பிழை எங்கே நடந்தது? வங்கியே நியமித்த ஸ்லோட்டர் அன்ட் மே என்ற சட்ட நிறுவனத்தின் அறிக்கை 2019 நவம்பரில் வெளியானது. புதிய முறைமை இரண்டு தரவு நிலையங்களில் ஓட வேண்டியது. ஆனால் அதிக பாவனையைத் தாங்குமா என்ற பரீட்சை ஒன்றில் மாத்திரமே செய்யப்பட்டிருந்தது. திகதி விடயம் அதைவிட மோசம். முதலில் 2017 நவம்பர் என்றார்கள், முடியவில்லை. 2018 முதற் காலாண்டு என்று தள்ளினார்கள். முதல் திட்டம் ஏன் தவறியது, அப்படியானால் இரண்டாவது திட்டம் மட்டும் எப்படிச் சாத்தியம் என்று பணிப்பாளர் சபை போதியளவு குடைந்து கேட்கவில்லை என்பது அறிக்கையின் முக்கிய குற்றச்சாட்டு.

எனக்கு ஜீரணிக்கவே முடியாதது கடித விவகாரம். சாபிஸ் தயாராக இருப்பதாக ஒரு கடிதம் கொடுத்தது. சாபிஸின் கீழே 85 உபகொந்தராத்துக்காரர்கள். அவர்கள் தயாரா என்பதற்குப் போதிய அத்தாட்சி பெறப்படவில்லை. கடிதத்தில் இருந்ததும் பெரும்பாலும் தயாராகிவிடுவோம் என்ற எதிர்பார்ப்புத்தான். புறக்கோட்டையில் ஒரு சாதாரண மொத்த வியாபாரிகூட, சரக்கு நல்லது என்று அனுப்பியவர் எழுதிய துண்டை நம்பி மூட்டை அவிழ்க்காமல் காசு கொடுக்கமாட்டார். கொடுத்தவர் சொந்தத் தாய்க் கம்பனியின் ஆள் என்பதால் கண் மூடிக்கொண்டார்களோ என்னவோ. உறவுக்காரரிடம் வாங்கும் சரக்கைத்தான் நாமும் எண்ணாமல் விடுகிறோம்!

இதையெல்லாம் கேட்டுவிட்டு, பழையது ஓடிக்கொண்டிருக்கும்போது ஏன் கைவைக்க வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. அதுவும் சரியல்ல. உலகின் பல பெரிய வங்கிகளில் முப்பது நாற்பது வருடங்களுக்கு முன் கோபோல் மொழியில் எழுதிய மென்பொருள்கள் இன்னும் ஓடுகின்றன. எழுதியவர்களில் பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். அதன்மேல் ஏ.டி.எம்., இணையம், கைத்தொலைபேசி என்று அடுக்கடுக்காக ஒட்டியிருக்கிறார்கள். எந்தக் கம்பியை இழுத்தால் எந்த விளக்கு அணையும் என்று முழுமையாகத் தெரிந்த ஆள் இல்லாத வீடு போல. எனவே மாற்றத்துக்கு முந்திய முதல் வேலை ஸ்டொக் எடுப்பது. எத்தனை மென்பொருள் இருக்கிறது, எது எதனோடு பேசுகிறது, எதைத் தொடாமல் விடலாம், எதை மூடிவிடலாம் என்ற கணக்கு. இது மாதக்கணக்கில் எடுக்கும் சலிப்பான வேலை. திறப்பு விழாவும் படமும் கிடைக்காது. அதனாலேயே மேலிடங்களில் இதற்கு ஆர்வம் குறைவு என்பது என் அபிப்பிராயம்.

அவுஸ்திரேலியாவின் கொமன்வெல்த் வங்கி 2008 இல் இதே வேலையைத் தொடங்கியது. 580 மில்லியன் அவுஸ்திரேலிய டொலர் என்று மதிப்பிட்டார்கள். முடியும்போது ஒரு பில்லியனைத் தாண்டிவிட்டது, ஏறத்தாழ ஐந்து வருடங்களும் சென்றன. அன்று இதைக் கேலி செய்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் நிலையான வைப்புகள் முதலில், சேமிப்புக் கணக்குகள் பிறகு என்று பகுதி பகுதியாக மாற்றினார்கள். ஒரு பகுதியில் பிழை வந்தால் அந்தப் பகுதியோடு நிற்கும். செலவு கூடியது உண்மை, வங்கி ஓடிக்கொண்டே இருந்தது என்பதும் உண்மை. ரி.எஸ்.பி.க்கோ அந்த ஒரு வருடத்திலேயே 330 மில்லியன் பவுண் இழப்பு, 80,000 வாடிக்கையாளர்கள் வேறு வங்கிகளுக்குப் போனார்கள், பிரதம நிறைவேற்று அதிகாரி செப்டெம்பரில் பதவி விலகினார். 2022 டிசம்பரில் பிரித்தானிய ஒழுங்குறுத்தல் அதிகாரிகள் 48.65 மில்லியன் பவுண் தண்டம் விதித்தார்கள். 2023 இல் தகவல் தொழில்நுட்பப் பொறுப்பதிகாரியாக இருந்தவருக்கும் தனிப்பட்ட முறையில் 81,620 பவுண் தண்டம். அவர் மட்டும் அகப்பட்டது எனக்கு நீதியாகப் படவில்லை. கேள்வி கேட்காத சபைக்கும் அதில் பங்கிருந்தது.

அடுத்த முறை உங்கள் வங்கியிடமிருந்து அந்த இரண்டு வரி அறிவித்தல் வரும்போது கிளை முகாமையாளரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். எல்லாக் கணக்குகளும் ஒரே நாளிலா மாறுகின்றன? பிழைத்தால் பழைய முறைமைக்குத் திரும்ப வழி உண்டா? அவருக்கு விடை தெரியாவிட்டாலும், பத்துப் பேர் கேட்டால் கேள்வி மேலே போகும். முதல் நாளே கணக்குக் கூற்றை அச்சிட்டு வாங்கி வையுங்கள். சம்பளக் காசை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், இன்னொரு வங்கியில் சிறு கணக்கொன்றும் இருக்கட்டும். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி இரகசிய இலக்கம் கேட்டு யாராவது அழைத்தால் போனை வைத்துவிடுங்கள். அந்தத் திங்கட்கிழமைக்குத் திகதியிட்டு யாருக்கும் செக் எழுத வேண்டாம்.