கேமரா எங்கே நிற்கிறது?

அடுத்த ஆண்டு விழாவுக்கு நம் பேரவை சார்பில் குறும்படம் எடுக்கலாம் என்று பேச்சு நடக்கிறது. வாடகைக்கு லைட் எடுக்க வேண்டும் என்று ஒரு கோஷ்டி, வேண்டாம் என்று ஒரு கோஷ்டி. நான் வேண்டாம் கோஷ்டி. கஞ்சத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள், காரணம் இருக்கிறது.

என் அம்மா விடிவதற்குள் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர். இருட்டித்தான் திரும்புவார். அப்புறம் சீரியல். திட்டிக்கொண்டேதான் பார்ப்பார். "தூங்கி எந்திரிக்கும்போதே பட்டுச்சேலையா? யாருடா இவளுக?"

மாமியார் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கேமரா மருமகள் முகத்துக்கு ஓடும், மாமனார் முகத்துக்கு ஓடும், மறுபடி மருமகளிடமே வரும். இடி இடிக்கும். உடனே விளம்பரம்! ஏன் இப்படி? நாலாபக்கமும் விளக்கைப் போட்டு வீட்டையே நகைக்கடை ஆக்கிவிடுகிறார்கள். வாரம் ஐந்தாறு எபிசோட் கொடுக்க வேண்டியவர்களுக்கு ஷாட்டுக்கு ஷாட் விளக்கை மாற்ற நேரம் ஏது? அது நியாயம்தான். ஆனால் மூலைமுடுக்கெல்லாம் ஒரே வெளிச்சமாக இருந்தால் எங்கே பார்ப்பது என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் கேமராவே ஓடி ஓடிக் காட்ட வேண்டியிருக்கிறது.

இதே சின்னத்திரையில் வேறு மாதிரி செய்தவர் பாலுமகேந்திரா. நம் மாவட்டத்துக்காரர் பாலா இவரிடம் உதவியாளராக இருந்தவர்தான். புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தவர்; 'கோகிலா', 'மூன்றாம் பிறை' படங்களின் ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது வாங்கியவர். 2014இல் மறைந்தார். 2000ஆம் ஆண்டையொட்டி சன் டிவிக்காக 'கதை நேரம்' என்று 52 சிறுகதைகளைப் படமாக்கினார். திரைக்கதை, ஒளிப்பதிவு, எடிட்டிங், இயக்கம் எல்லாம் அவரே. நாம் பிறக்கும் முன்பே வந்தது. நான் யூடியூபில்தான் பார்த்தேன்.

அதில் சாதாரண வீடுகள். ஜன்னல் வழியாக வருகிற வெளிச்சம். முகத்தில் ஒரு பாதி தெரியும், மறுபாதி நிழல். வெளிச்சமே இங்கே பார் என்று காட்டிவிடுவதால் கேமராவுக்கு அவசரமே இல்லை. ஒருவர் பேசி முடித்த பிறகும் அவர் முகத்திலேயே நிற்கும். முதலில் எனக்கு 'என்னடா ஸ்லோவா போகுது' என்றுதான் இருந்தது. ஒத்துக்கொள்கிறேன்!

ஒருநாள் கரண்ட் போன நேரத்தில் அம்மாவுக்கு 'தப்புக் கணக்கு' போட்டுக் காட்டினேன். மாலன் எழுதிய கதை. சொந்தமாக யோசித்துக் கணக்குப் போட்ட பிள்ளைக்கு, சொல்லிக்கொடுத்தபடி போடவில்லை என்று டீச்சர் தப்பு போட்டுவிடுவார். தாத்தா பள்ளிக்கூடத்துக்கே போய் நியாயம் கேட்பார். அம்மா கைநாட்டு. கணக்கு அவருக்குப் புரிந்திருக்காது. முடிந்த பிறகும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் புள்ளைக்காகப் போய்க் கேக்க ஒரு தாத்தா இருக்காரு. ஒனக்கு யாருடா இருந்தா?" என்றார்.

சீரியலைப் பார்த்து 'யாருடா இவளுக' என்றவர், இதைப் பார்த்து என்னைப் பற்றிப் பேசினார். கதை மட்டுமே காரணம் என்று நீங்கள் சொல்லலாம். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதே கதையைப் பளபள செட்டில், இடி முழக்கத்தோடு எடுத்திருந்தால் அது இன்னொரு பணக்கார வீட்டுச் சண்டை. அம்மா பாதியில் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போயிருப்பார். அந்த வீட்டின் வெளிச்சம் எங்கள் வீட்டு வெளிச்சம் மாதிரி இருந்ததால்தான் உள்ளே வந்து உட்கார்ந்தார்.

லைட் கோஷ்டி நண்பர்கள், ஆடிட்டோரியத்தில் போட்டால் இருட்டடிக்கும் என்கிறார்கள். சரியான கேள்விதான். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடித்தால் நிழல் கொஞ்சம் இளகும். சினிமாக்காரர்களே அப்படித்தான் செய்கிறார்கள். ஒர்க் ஷாப்பில் லேத் பக்கத்து ஜன்னலில் காலையில் வருகிற வெயில் போதும். அட்டை பிடிக்க நான் வருகிறேன்.