மெர்சி ஃபார் நன்: கத்திக்கு டோஸ் கிடையாது

1/
நைட் டியூட்டி முடிஞ்சு வந்து தூக்கம் வராத நாட்களில் கொரியன் சீரிஸ் பார்ப்பது என் வழக்கம். அப்படி ரெண்டே நாளில் முடித்தது ‘மெர்சி ஃபார் நன்’. 2025 ஜூன் 6 அன்று நெட்ஃப்ளிக்ஸில் வந்தது, மொத்தம் 7 எபிசோட். பெரியவர்களுக்கான சீரிஸ், ரத்தம் ஜாஸ்தி. அரசு மருத்துவமனை கேஷுவாலிட்டியில் உட்காரும் ஒரு எம்.பி.பி.எஸ். டாக்டராக இதைப் பற்றி எனக்கு ஒண்ணு சொல்லணும். கொஞ்சம் நீளமான த்ரெட். கிளைமாக்ஸை உடைக்க மாட்டேன், தைரியமா படிக்கலாம்.

2/
கதை ரொம்ப சிம்பிள். ஜூவுன், பொங்சான் என்று ரெண்டு கேங். ஒரு காலத்தில் ரவுடிகள், இப்போ கோட் சூட் போட்ட கம்பெனிகள். ஹீரோ நாம் கி-ஜுன். நடித்திருப்பவர் சோ ஜி-சப். 11 வருஷத்துக்கு முன்னால் அந்த உலகத்தை விட்டு வெளியேறியவன். தம்பி கி-சொக் அங்கேயே தங்கி பெரிய இடத்துக்கு வருகிறான். ஒருநாள் தம்பி கொலை செய்யப்படுகிறான். யார் செஞ்சது என்று கேட்டுக்கொண்டு அண்ணன் திரும்பி வருகிறான். கையில் ஒரு பேஸ்பால் மட்டை.

3/
கொரிய கேங்ஸ்டர் கதைகளில் ஒரு விஷயம் கவனிச்சிருப்பீங்க. துப்பாக்கி அபூர்வம். அந்த நாட்டில் பொதுமக்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கடுமையான கட்டுப்பாடு. அதனால் கத்தி, மட்டை, வெறும் கைதான். ‘ஓல்ட்பாய்’ (2003) படத்தில் சுத்தியலோடு வரும் அந்த நடைபாதைச் சண்டை ஞாபகம் இருக்கா? ‘மை நேம்’ (2021) கத்தி. ‘பிளட்ஹவுண்ட்ஸ்’ (2023) குத்துச்சண்டை. ஒருத்தனை வீழ்த்தணும்னா அவன் மூச்சுக்காத்து படுற தூரத்துக்குப் போயே ஆகணும். இந்த வகைக் கதைகளின் ருசியே அந்த நெருக்கம்தான்.

4/
ஆனா என்னை உட்கார வைத்தது சண்டை இல்லை. ஹீரோவோட குதிகால். கேங்கை விட்டு விலகுவதற்கான விலையாக அவன் தன் குதிகால் தசைநாணைத் தானே அறுத்துக்கொள்கிறான். அகில்லிஸ் டெண்டன். நம்ம ஊரில் ‘குதிகால் நரம்பு’ என்போம். அது நரம்பே இல்லை. கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு கட்டி வைத்திருக்கும் கயிறு. நம் உடம்பில் இருப்பதிலேயே பெரிய, பலமான தசைநாண் அதுதான்.

5/
அது அறுந்தா என்ன ஆகும்? நடக்கவே முடியாதுன்னு நினைப்பீங்க. நடக்கலாம். பக்கத்தில் உள்ள மற்ற தசைகள் ஓரளவு சமாளிக்கும். ஆனா அந்தக் காலில் மட்டும் நுனிவிரலில் எக்கி நிற்க முடியாது. தரையை உதைத்து முன்னே தள்ளுகிற விசை போய்விடும். ஓடுவது, குதிப்பது, மாடிப்படி ஏறுவது எல்லாமே சிரமம். தைக்காமல் விட்டால் அறுந்த முனைகள் விலகிவிடும், கெண்டைக்கால் மெலிஞ்சு போகும். 11 வருஷம் கழிச்சும் அவன் விந்தி விந்தி நடக்கிறான். மருத்துவப்படி நூத்துக்கு நூறு சரி.

6/
அதே ஹீரோ பத்து பேரை அடிக்கும்போது மட்டும் அந்த விந்தல் அவ்வளவா தெரியல. சரி, ஹீரோன்னா அப்படித்தான். மன்னிச்சுடலாம்.

7/
இடையில ஒரு சின்ன தகவல். நம்ம ஊரில் இந்தத் தசைநாண் அறுந்து வருகிறவர்கள் எல்லாம் ரவுடிகள் இல்லை. பாத்ரூமில் இந்தியன் டாய்லெட் பீங்கான் உடைஞ்சு குதிகாலில் கிழிச்சு வருபவர்கள் உண்டு. பைக் சக்கரத்தில் கால் மாட்டிய குழந்தைகள் உண்டு. மேலே சின்ன வெட்டு மாதிரி இருக்கும், நடந்தே வருவாங்க. தோலை மட்டும் தைத்து அனுப்பினால் உள்ளே அறுந்தது அறுந்ததுதான். குதிகாலுக்குப் பின்னால் வெட்டு விழுந்தா, நடக்க முடிஞ்சாலும் டாக்டரிடம் காட்டி “உள்ளே டெண்டன் சரியா இருக்கா?”ன்னு கேளுங்க. சீக்கிரம் தைத்து, மாவுக்கட்டு போட்டு, பொறுமையா பயிற்சி செஞ்சா மறுபடி ஓடலாம். அதுக்கே ஆறு மாசத்துக்கு மேல் ஆகும்.

8/
விஷயத்துக்கு வரேன். இந்த சீரிஸில் எனக்குப் பிடித்தது, ஹீரோ உடம்பில் ஒரு காயமாவது ஆறாமல் இருக்கிறது என்பது. ‘பிளட்ஹவுண்ட்ஸ்’ ஹீரோவின் கன்னத்தில் கந்துவட்டிக்காரன் போட்ட வெட்டும் தழும்பா நிற்கும். ஆனா பெரும்பாலான ஆக்ஷன் கதைகளில் அடி விழுந்த நொடியோடு காயத்தின் கதை முடிஞ்சுடும். எங்களுக்கு அந்த நொடியில்தான் கதை ஆரம்பிக்கும்.

9/
உதாரணம்: மண்டையில் மட்டையால் ஒரு போடு. அடியாள் மயங்கி விழுவான். அடுத்த சீனில் தலையைத் தேய்ச்சுக்கிட்டு எழுந்து ஓடுவான். நிஜத்தில் தலையில் அடிபட்டு சில நிமிஷத்துக்கு மேல் நினைவில்லாமல் கிடந்தால், மூளையில் பலத்த காயம் இருக்கலாம் என்றுதான் நாங்கள் பயப்படுவோம்.

10/
அதைவிட மோசமானது எழுந்து பேசுகிற கேஸ். காதுக்கு மேலே, நெற்றிப் பொட்டுப் பக்கம் மண்டை எலும்பு ரொம்ப மெல்லிசு. அதுக்கு உள்பக்கம் ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது. எலும்பு விரிசல் விட்டு அது கிழிந்தால் ரத்தம் மெதுவா சேரும். ஆள் எழுந்து உட்காருவான், தண்ணி குடிப்பான், “ஒண்ணுமில்லடா”ன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போய்ப் படுப்பான். சில மணி நேரத்தில் மூளை நசுங்கும். காலையில் எழுப்பினால் எழ மாட்டான். நேரத்துக்கு சிடி ஸ்கேன் எடுத்து ஆபரேஷன் செய்திருந்தால் பிழைத்திருக்கக்கூடியவன்.

11/
அடுத்து, கத்தி குத்தியிருக்கும். ஹீரோ பல்லைக் கடிச்சுக்கிட்டு அதை உருவி, அதே கத்தியால் திருப்பிக் குத்துவான். விசில் பறக்கும். தயவு செஞ்சு அதைச் செய்யாதீங்க. உள்ளே இருக்கிற கத்திதான் பல சமயம் கிழிந்த ரத்தக்குழாயை அடைச்சு வச்சிருக்கும். அதை உருவ வேண்டிய இடம் ஆபரேஷன் தியேட்டர்.

12/
கடைசியா, நான் இந்த த்ரெட்டை எழுத உட்கார்ந்ததற்கான காரணம்: தொடை. சினிமாவிலும் சீரிஸிலும் தொடையில் குத்துவது ஒரு ‘எச்சரிக்கை’. கொல்ல வேண்டாம், பயமுறுத்தினா போதும் என்கிறபோது அங்கே குத்துவார்கள். குத்து வாங்கினவன் அடுத்த எபிசோடில் கட்டுப் போட்டுக்கொண்டு வருவான்.

13/
சில வருஷம் முன்னால் ஒரு நைட் டியூட்டி. ஊர், பேர் வேண்டாம். 19 வயசுப் பையன் ஒருத்தனை ஆட்டோவில் தூக்கிட்டு வந்தாங்க. தொடையின் மேல்பக்கம், இடுப்பு மடிப்புக்குக் கொஞ்சம் கீழே ஒரே ஒரு குத்து. ரெண்டு விரல் அகலம்கூட இருக்காது. கூட வந்தவர்கள் கத்தியை உருவிப் போட்டுவிட்டு, மேலே ஒரு துண்டைச் சும்மா சுத்தியிருந்தாங்க. யாரும் அழுத்திப் பிடிக்கல. ஆட்டோ தரையெல்லாம் ரத்தம்.

14/
அந்த இடத்தில் ஓடுவது தொடைத் தமனி. இதயத்திலிருந்து காலுக்குப் போகும் மெயின் பைப் லைன். பெரியவர் ஒருவர் உடம்பில் மொத்தம் சுமார் 5 லிட்டர் ரத்தம். அதில் ரெண்டு லிட்டருக்கு மேல் போனால் உயிருக்கே ஆபத்து. தமனி அறுந்தால் அதுக்குச் சில நிமிஷம் போதும். ரெண்டு கையிலும் லைன் போட்டோம், அழுத்திப் பிடிச்சோம், ரத்தம் ஏத்தினோம், சர்ஜன் ஓடி வந்தார். முடியல.

15/
அடுத்த ஒரு மணி நேரத்தில் போலீஸ் இன்னொரு பையனைக் கூட்டிட்டு வந்தாங்க. அவனும் கிட்டத்தட்ட அதே வயசு. குத்தினவன். ரிமாண்டுக்கு முன்னால் டாக்டர் பரிசோதனை செஞ்சு எழுதணும் என்பது நடைமுறை. டியூட்டியில் இருந்தது நான்தான். அவன் வலது உள்ளங்கையில் ஆழமான வெட்டு. குத்தும்போது ரத்தத்தில் கைப்பிடி வழுக்கி, கை கத்தி மேலேயே சறுக்கியிருக்கு. இதுவும் எந்த சீரிஸிலும் வராது, ஆனா நிஜத்தில் சகஜம்.

16/
கையைத் தைச்சுக்கிட்டு இருந்தேன். மெதுவா கேட்டான்: “அவன் எப்படி இருக்கான் சார்?” நான் பதில் சொல்லல. கூட நின்ன ஏட்டும் சொல்லல. அவனே சொன்னான்: “தொடையிலதான் சார் குத்துனேன். சும்மா பயமுறுத்தத்தான்.”

அவன் பொய் சொன்னதா எனக்குத் தோணல. தொடையில் குத்தினால் சாவு வராது என்று அவன் நிஜமாகவே நம்பியிருந்தான்.

17/
அவன் கொரியன் சீரிஸ் பார்த்தானா என்று எனக்குத் தெரியாது, பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டான். ‘இதைப் பார்த்துத்தான் பசங்க கெட்டுப்போறாங்க, தடை செய்யுங்க’ன்னு நான் சொல்லவும் இல்லை. இவ்வளவும் பார்க்கிற நானே கொலைகாரன் ஆகல. என் வருத்தம் வேற. உடம்பைப் பற்றி ஒரு தப்பான பாடத்தை எல்லா மொழி ஆக்ஷனும் சேர்ந்து நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கு. அடியை அளந்து அடிக்க முடியும் என்கிற பாடம்.

18/
பாராசிட்டமாலுக்கு டோஸ் இருக்கு. இன்சுலினுக்கு டோஸ் இருக்கு. கத்திக்கு டோஸ் கிடையாது. ‘லேசா ஒரு குத்து’ன்னு எதுவும் இல்லை. ஒரு சென்டிமீட்டர் அந்தப் பக்கம் போனால் நாலு தையல், இந்தப் பக்கம் போனால் போஸ்ட்மார்ட்டம். அந்த ஒரு சென்டிமீட்டரைத் தீர்மானிப்பது குத்துகிறவன் கிடையாது.

19/
பழிவாங்கும் கதைக்கு அடிப்படையே கணக்குதான். நீ ஒண்ணு எடுத்தே, நான் ஒண்ணு எடுக்கிறேன், சரியாப் போச்சு. ‘மெர்சி ஃபார் நன்’ல அந்தக் கணக்கு சரியாகவே ஆகல என்பதை கவனிச்சீங்களா? ரெண்டு கேங் தலைவர்களுக்கும் ஆளுக்கொரு மகன். பெரியவர்கள் எப்படியோ கட்டிக்காத்த சமாதானம் மகன்கள் காலத்தில் நொறுங்குகிறது. அண்ணன் ஒருத்தனை அடித்தால் அடுத்தவன் பேர் வெளியே வருகிறது. அவனை அடித்தால் இன்னொருத்தன். 11 வருஷத்துக்கு முன்னால் ஒரு குதிகாலைக் கொடுத்து முடித்ததாக நினைச்ச கணக்கு, தம்பி உயிரையும் கேட்கிறது.

20/
அதனாலதான் அந்த விந்தல் எனக்கு முக்கியமாப் படுது. பழிவாங்கின பிறகும் அவன் கால் நேராகாது. தம்பி எழுந்து வர மாட்டான். எங்க வார்டில் இதைத்தான் தினமும் பார்க்கிறோம். எதிராளி ஜெயிலுக்குப் போன சேதி வரும். படுக்கையில் இருக்கிறவன் கை அன்றைக்கும் மடங்காது. அம்மா அன்றைக்கும் ஸ்பூனால்தான் ஊட்டிவிடுவாங்க.

21/
சீரிஸ் பாருங்க. நல்லா எடுத்திருக்காங்க, சோ ஜி-சப் அதிகம் பேசாமலே மிரட்டியிருக்கார். வீட்டில் வயசுப் பசங்க இருந்தா, அவங்களோடு உட்கார்ந்து பேசும்போது இந்த நாலு விஷயத்தை மட்டும் சொல்லி வைங்க:

22/
ஒண்ணு, குத்தின கத்தியை உருவக் கூடாது. அசையாமல் துணி வைத்துச் சுத்திப் பிடித்து, அப்படியே மருத்துவமனைக்கு.

ரெண்டு, கத்தி உள்ளே இல்லாமல் ரத்தம் பீய்ச்சினால், சுத்தமான துணியை வைத்து உள்ளங்கையால் பலமா அழுத்தணும். நின்னுச்சான்னு எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. இன்னொருத்தர் 108க்கு போன் பண்ணட்டும்.

23/
மூணு, தலையில் அடிபட்டு மயங்கி எழுந்தால் “தூங்கட்டும், சரியாயிடும்”னு விடக் கூடாது. நினைவு தப்பினாலே டாக்டரிடம் காட்டணும். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழறும் பேச்சு, வலிப்பு, காதிலோ மூக்கிலோ ரத்தம் அல்லது தண்ணி மாதிரி கசிவு, இதில் ஒண்ணு இருந்தாலும் உடனே சிடி ஸ்கேன் இருக்கும் மருத்துவமனைக்கு.

நாலு, தொடை பாதுகாப்பான இடம் இல்லை. கைகால், முதுகு எதுவுமே இல்லை. பயமுறுத்தக் குத்துவதற்கென்று மனுஷ உடம்பில் ஒரு இடம் கிடையாது.

24/
அந்தப் பையன் கையில் நான் போட்டது எட்டுத் தையல். பத்து நாளில் பிரிச்சிருப்பாங்க. தழும்பு இன்னும் இருக்கும்.

இன்னைக்கும் நைட் டியூட்டிதான். கேள்வி இருந்தா கீழே கேளுங்க, காலையில் வந்து பதில் சொல்றேன்.