எத்தனை இஞ்ச் என்பதா முதல் கேள்வி?

வீடு கட்டும் இடத்தில் கிரானைட்டோ டைல்ஸோ அறுபடும் ஓசையைக் கேட்காத மாணவர் இருக்க முடியாது. அந்தக் கருவிக்குப் பிளேடு வாங்கக் கடைக்குப் போனால் "எத்தனை இஞ்ச்?" என்று கேட்பார்கள், அடுத்தது விலை. இவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டியது வேறொன்று: அறுக்கப் போவது என்ன பொருள்? இதைக் கேளாமல் வாங்குவது பண விரயம் மட்டுமன்று, ஆபத்தும் கூட என்பது என் கருத்து.

மரம் அறுக்கும் வட்ட வாளும் கல் அறுக்கும் பிளேடும் செய்யும் வேலை வெவ்வேறு. மர வாளின் ஒவ்வொரு பல்லும் ஒரு சிறு உளி. அது மர இழையைச் சீவி எடுக்கிறது. கருங்கல்லில் சீவுவதற்கு இழை ஏது? அதிலுள்ள குவார்ட்ஸ், 1812-இல் மோஸ் வகுத்த கடினத்தன்மை வரிசையில் 7-ஆம் இடத்தில் உள்ளது. சாதாரண எஃகையே கீறிவிடும். ஆகவே 10-ஆம் இடத்திலுள்ள வைரத்தை நாடுகிறோம். பிளேடின் விளிம்பில் செயற்கை வைரத் துகள்களை உலோகத் தூளுடன் சேர்த்து, அழுத்திச் சூடேற்றிப் பதித்திருக்கிறார்கள். அந்தத் துகள்கள் எண்ணற்ற கீறல்களால் கல்லைப் பொடியாக்குகின்றன.

இங்கேதான் ஒரு விந்தை. கடினமான கல்லுக்குக் கடினமான பிளேடு வேண்டும் என்று நினைப்பீர்கள். உண்மை நேர்மாறானது. கிரானைட்டுக்கான பிளேடில் வைரத்தைப் பிடித்திருக்கும் உலோகம் மென்மையாக இருக்க வேண்டும். ஏன்? வைரத் துகளும் மழுங்கும். மழுங்கியது உதிர்ந்து அடியிலுள்ள புதிய துகள் வெளிவர வேண்டுமானால், உலோகம் தேய்ந்து வழிவிட வேண்டும். கிரானைட்டின் நுண்ணிய பொடி உலோகத்தை மெல்லத்தான் அரிக்கும். செங்கல், மணற்கல், புதிய கான்கிரீட் ஆகியவற்றின் பொடியோ மணல் போல் உரசி விரைவில் அரித்துவிடும். மழுங்காத வைரமும் வீணாக உதிரும். அவற்றுக்குக் கெட்டியான உலோகம் தேவை. பிளேடு அறுக்காமல் வழுக்கத் தொடங்கினால், அனுபவமுள்ள வேலையாட்கள் அதைச் செங்கல்லில் சில முறை ஓட்டி எடுப்பார்கள். இயற்பியல் படிக்காமலே கண்ட உத்தி அது!

இரும்புக் கம்பியை மட்டும் அறுப்பதற்குச் சாதாரண வைரப் பிளேடு ஏற்றதன்று. உராய்வுச் சூட்டில் வைரத்தின் கார்பன் இரும்பில் கரைய முற்படும். அந்த வேலைக்கு அலுமினியம் ஆக்சைடு கலந்த கட்டிங் வீல் போதும், விலையும் குறைவு.

இனி வேகம். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டு நிமிடத்திற்கு 11,000 முறை சுழல்வதாகக் கொள்ளுங்கள். விளிம்பின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 58 மீட்டர், அதாவது மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல். விளிம்பிலுள்ள துகளின் மையநோக்கு முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 6,000 மடங்குக்கு மேல் வருகிறது. கயிற்றில் கட்டிச் சுழற்றும் கல்லை விட இதுவே வகுப்பறைக்கு நல்ல எடுத்துக்காட்டு என்பேன். காப்பு மூடியைக் கழற்றிவிட்டு இதே கருவியில் 180 மில்லிமீட்டர் வட்டைப் பொருத்தினால் என்ன ஆகும்? விளிம்பு வேகம் 1.8 மடங்கு, வட்டைப் பிளக்க முயலும் தகைவு வேகத்தின் இருமடியைப் பொறுத்ததால் மூன்று மடங்குக்கும் மேல். வட்டின் மீது அச்சிட்டிருக்கும் உச்சச் சுற்று எண் கருவியின் சுற்று எண்ணை விடக் குறைவாக இருந்தால் அதைத் தொடவே கூடாது. கையடக்கக் கிரைண்டரில் பல் வைத்த மர வாளைப் பூட்டுவதும் அப்படியே. பல் சிக்கினால் கருவி கையை மீறித் துள்ளும்.

இவை எல்லாவற்றையும் விட என்னை வருத்துவது தூசு. கண்ணுக்குத் தெரியும் தூசு மூக்கிலும் தொண்டையிலும் பெரும்பாலும் தங்கிவிடும். ஐந்து மைக்ரோமீட்டருக்கும் சிறிய சிலிக்காத் துகளோ நுரையீரலின் காற்று நுண்ணறை வரை செல்லும். அதனால் வரும் சிலிக்கோசிஸ் நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. அமெரிக்கா 2016-இல் வகுத்த விதி, எட்டு மணி நேர வேலையில் ஒரு கனமீட்டர் காற்றுக்குச் சராசரியாக 50 மைக்ரோகிராம் சிலிக்காத் தூசுக்கு மேல் கூடாது என்கிறது. சிலிக்கா மிகுந்த செயற்கைக் கல் பலகைகளை ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் தடை செய்தது. முகத்தில் சுற்றிய துண்டு இத்துகளைத் தடுக்காது. அறுக்கும் இடத்தில் விழும் நீர்தான் தூசை எழும்பாமல் பிடித்து வைக்கும், பிளேடையும் குளிர்விக்கும். ஆனால் சாதாரண மின் கிரைண்டர் மீது குவளையால் நீர் ஊற்றுவது மின்னதிர்ச்சிக்கு அழைப்பு. நீர்க்குழாய் இணைக்கத் தக்க கருவியே வேண்டும். இணைப்பில் 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனமும் இருக்க வேண்டும்.

உங்கள் வீட்டுச் சமையல் மேடைக்குக் கல் அறுக்க ஆள் வரும்போது, அத்தகைய கருவியைக் கொண்டுவரச் சொல்லுமாறு அப்பாவிடம் கூறுங்கள். கூலி சற்றுக் கூடினால் கொடுத்துவிடலாம். தூசில் நிற்பவர் பல வீடுகளில் உங்களை விட இரண்டு, மூன்று வயதே மூத்தவர்.