அகத்தியர் கூடமும் அளவான யாத்திரையும்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், தாமிரபரணியும் நெய்யாறும் பிறக்கும் மலைத்தொகுதிக்குச் சிகரமாய், 1868 மீட்டர் உயர்ந்து நிற்கும் அகத்தியர் கூடத்திற்குப் போனக்காட்டிலிருந்து புறப்பட்டு, அதிருமலை முகாமில் இரவு தங்கி, மறுநாள் செங்குத்துப் பாறைகளில் கயிற்றைப் பற்றி ஏறுகிறவர், பிரகிருதியின் மகத்துவத்தோடு தம் தேகத்தின் வரம்பையும் ஒருங்கே உணர்கிறார். ஆண்டுதோறும் சில வாரங்கள் மட்டும், தினம் இத்தனை பேர் என வனத்துறை வரையறுப்பதைக் குறைகூறுவோர் உண்டு. ஆயினும், 2016இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பக வரிசையில் சேர்ந்த இவ்வனத்திற்கு அக்கட்டுப்பாடே ரட்சை என்பது என் திடமான அபிப்பிராயம். 2018இல் கேரள உயர்நீதிமன்றம் பெண்களுக்கும் வழி திறந்தது நியாயமே. உரிமை எல்லோருக்கும் சமமாகட்டும், கூட்டம் பெருக வேண்டாம். அதோடு, 1987இல் இம்மலையில் ஏறிக் களைத்த விஞ்ஞானிகளுக்கு ஆரோக்கியப்பச்சை என்னும் மூலிகையின் கனியைத் தின்னக் கொடுத்த காணிப் பழங்குடி மக்களின் சம்மதமின்றி அங்கே எந்த விதியும் வகுக்கப்படலாகாது.