அழுதால்தான் நடிப்பா?

2022இல் ‘செம்பி’ வந்தபோது கோவை சரளாவுக்குக் கிடைத்த பாராட்டில் ஒரு வியப்பு ஒட்டிக்கொண்டிருந்தது: “அட, இவங்களுக்கு இப்படியெல்லாம் நடிக்க வருமா!” எனக்கு எரிச்சல்தான் வந்தது. அப்போ இத்தனை வருஷமா அவர் செய்தது என்னவாம்?

‘சதி லீலாவதி’யை (1995) இன்னொரு முறை பாருங்கள். கமல்ஹாசனுக்கு ஜோடி. கொங்குத் தமிழில் கமல் இழுக்கிற இழுப்புக்கெல்லாம் ஈடுகொடுக்கிறார். ஒரே வசனத்தில் சந்தேகமும் பாசமும் வந்து போகின்றன. நொடி பிசகினால் சிரிப்பு செத்துவிடும். பிசகவே இல்லை.

அதற்குப் பிறகு நம் சினிமா கொடுத்தது என்ன? வடிவேலுவை வெளுத்து வாங்கும் மனைவி. ‘காஞ்சனா’வில் (2011) பேய்க்குப் பயந்து இடுப்பில் ஏறிக்கொள்ளும் மகனைச் சுமக்கும் அம்மா. அவர் குறை வைக்கவில்லை. எழுதியவர்கள்தான் அவருடைய குரலை மட்டும் எழுதினார்கள், ஒரு மனுஷியை எழுதவில்லை.

நாமும் யோக்கியமில்லை. அடி வாங்கிய வடிவேலுவை மேதை என்று மீம் போட்டுக் கொண்டாடுகிறோம், சரிதான். அதே காட்சியில், அதே தாளத்தில் அடித்தவரை மட்டும் “சும்மா கத்துறாங்க” என்று தள்ளிவிடுகிறோம். அவர் அழுது காட்டிய பிறகுதான் நடிகை என்று ஒப்புக்கொள்வோமென்றால், நமக்குச் சிரிக்கத் தெரிந்த அளவுக்குப் பார்க்கத் தெரியவில்லை.