வெற்றிலைப் பையும் தாயின் உயிரும்

மட்டாஞ்சேரியும் குட்டம்புழாவும் ஒரே எர்ணாகுளம் மாவட்டத்தில் உள்ளன. மட்டாஞ்சேரியில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்றே அரசு மருத்துவமனை இருக்கிறது. கோதமங்கலம் வட்டத்தின் குட்டம்புழாவிலோ, மழைக்காலத்தில் மணிகண்டன்சால் தரைப்பாலம் நீரில் மூழ்கிவிட்டால் காட்டுக்குள் இருக்கும் ஆதிவாசிக் குடிகள் வெளியுலகிலிருந்து துண்டிக்கப்படுகின்றன. குழந்தை இறப்பு விகிதத்தை ஆயிரம் பிறப்புக்கு 6 ஆக (2020) குறைத்த கேரளத்தின் சாதனை பெருமைக்குரியது. ஆனால் 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் 1.45 சதவீதமே உள்ள பழங்குடி மக்களின் துயரம், மாநிலச் சராசரியில் மறைந்துபோகிறது. 2013-ஆம் ஆண்டு அட்டப்பாடியில் அடுத்தடுத்து நிகழ்ந்த சிசு மரணங்கள்தான் அதை நாட்டின் கண்முன் நிறுத்தின.

இத்துயரத்தின் பல காரணங்களில், அதிகம் பேசப்படாத ஒன்று மெல்லும் புகையிலை. 2016-17-ஆம் ஆண்டின் உலகளாவிய வயது வந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டுப் பெண்களில் புகைப்போர் 2 சதவீதம். புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்துவோர் 12.8 சதவீதம். ஆனாலும் விழிப்புணர்வுப் பிரச்சாரம் பெரும்பாலும் பீடி, சிகரெட் பிடிக்கும் ஆண்களை நோக்கியே நடக்கிறது. வயநாட்டின் பணியர் உள்ளிட்ட பழங்குடிகளில் ஆண், பெண் இருபாலரும் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்புடன் புகையிலை மெல்லுவது நெடுநாள் வழக்கம். மத்திய ஆஸ்திரேலியாவின் ஆதிக்குடிப் பெண்கள் காட்டுப் புகையிலையை மரச்சாம்பலுடன் கலந்து மெல்லுகிறார்கள். சுண்ணாம்பும் சாம்பலும் செய்யும் வேலை ஒன்றே: காரத்தன்மையால் நிக்கோட்டின் வாய்ச்சவ்வு வழியே விரைந்து இரத்தத்தில் கலக்கிறது.

கர்ப்பிணியின் உடலில் நிக்கோட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. நஞ்சுக்கொடி வழியே சிசுவுக்குச் செல்ல வேண்டிய இரத்தமும் ஊட்டமும் குறைகின்றன. மும்பையில் 1,217 பெண்களிடம் நடத்தப்பட்டு 2004-இல் வெளியான ஆய்வில், கர்ப்பகாலத்தில் புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்திய தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைந்து பிறந்தது தெரியவந்தது. நன்கு உண்ணும் தாயின் குழந்தைக்கு 105 கிராம் சிறிய இழப்பாக இருக்கலாம். இரத்தசோகையோடு கருவுற்ற தாயின் குழந்தைக்கு அது உயிர்ப் பிரச்சனை. தேசியக் குடும்ப நல ஆய்வின் (2019-21) கணக்குப்படி, நாட்டின் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதத்தினர் இரத்தசோகை உள்ளவர்கள்.

இங்கே ஒரு வாதம் எழுகிறது: "அவர்கள் பழக்கத்தை விடாவிட்டால் அரசு என்ன செய்யும்?" இவ்வாதம் பாதிக்கப்பட்டவரையே குற்றவாளியாக்குகிறது. நிக்கோட்டின் பசியை மழுங்கச் செய்யும் பொருள். தினையும் கேழ்வரகும் விளைந்த நிலத்தை இழந்து, அடுத்தவர் தோட்டத்தில் நாள் முழுதும் கூலிவேலை செய்யும் பெண்ணுக்கு, வாயில் அடக்கிய புகையிலை பகலுணவின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பறிபோன நிலத்தை மீட்டுத்தர 1975-இலேயே கேரளச் சட்டமன்றம் சட்டம் இயற்றியது. அது முறையாக நடைமுறைக்கு வரவில்லை. 1999-இல் வேறொரு சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. நிலப் பிரச்சனையைத் தொடாமல் வெற்றிலைப் பையை மட்டும் பறிக்க முனைவது நியாயமாகாது.

"அது அவர்கள் பண்பாடு, நாம் தலையிடலாகாது" என்பது இதற்கு நேர்மாறான வாதம். இதுவும் ஏற்கத்தக்கதன்று. விருந்தினருக்கு வெற்றிலை தருவது பண்பாடு. கடைகளில் சரமாகத் தொங்கும் பொட்டலம் முதலாளிகளின் சரக்கு. உணவுப் பொருளில் புகையிலை கலக்கக் கூடாது என்ற 2011-ஆம் ஆண்டு விதியின் அடிப்படையில் கேரளம் 2012-இல் குட்காவைத் தடை செய்தது. நிறுவனங்கள் பான் மசாலாவைத் தனியாகவும் புகையிலையைத் தனியாகவும் பொட்டலமிட்டு, வாங்குபவரே கலந்துகொள்ளும்படி செய்து சட்டத்தை ஏய்த்தன. தடையைக் கறாராக நிறைவேற்றும்படி 2016-இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

செய்ய வேண்டியவை தெளிவாகவே உள்ளன. கர்ப்பிணிகள் அனைவரிடமும் புகையிலைப் பழக்கம் பற்றிக் கேட்டறிந்து, விடுவதற்கு உதவ வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-இல் வழிகாட்டியது. கேள்வி கடிந்துகொள்ளும் தொனியில் வந்தால் பெண்கள் உண்மையை மறைப்பார்கள். மருத்துவமனைக்கு வருவதையே நிறுத்திவிடுவார்கள். ஆகவே அப்பெண்களின் மொழியில், அவர்கள் சமூகத்தைச் சேர்ந்த ஊழியரே கேட்பது நல்லது. அந்த ஆஷா, அங்கன்வாடி ஊழியர்களை ஒன்றிய அரசு தொழிலாளர்களாக அங்கீகரித்து ஊதியம் வழங்க வேண்டும். உணவுப் பாதுகாப்புச் சட்டம் (2013) ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் குறைந்தது 6,000 ரூபாய் என்று சொல்லியிருக்க, முதல் குழந்தைக்கு 5,000 என்று சுருக்கிய மோடி அரசின் திட்டம் மாற்றப்பட வேண்டும்.

பழங்குடிப் பகுதிகளில் பணியாற்றும் தோழர்கள் நிலம், கூலி, ரேஷன் கோரிக்கைகளோடு தாய்மாரின் உடல்நலத்தையும் இணைத்துப் பேச வேண்டும். வயிறு நிறையச் சோறும், வாசலுக்கு வரும் மருத்துவமும் இருந்தால், புகையிலையை விடச் சொல்லும் அறிவுரை அப்பெண்களின் காதில் ஏறும்.