கீரைக் கூடைக்கு ஒரு பெட்டி

திருவள்ளூர் ஸ்டேஷன் என்றால் சென்னையில் இருக்கும் உங்களுக்கு அமாவாசைக் கூட்டமும் வீரராகவப் பெருமாள் கோயிலும்தான் ஞாபகம் வரும். சுத்துப்பட்டு கிராமத்துக்காரங்களுக்கு அது வேற. விடியறதுக்கு முன்னாடியே பிளாட்பாரத்தில் ஈரச் சாக்கு வாசனை அடிக்கும். அரைக்கீரை, முளைக்கீரை, புதினா, வாழையிலை, கொய்யா எல்லாம் உங்க தெருவுக்குக் கிளம்பி நிற்கும்.

இந்தத் தடத்துக்கு வயசு கொஞ்சநஞ்சமில்லை. 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு போன தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இந்த வழியாகத்தான் போச்சு. மின்சாரக் கம்பி வந்தது 1979ல். சென்ட்ரலுக்கும் திருவள்ளூருக்கும் சுமார் 42 கிலோமீட்டர். சில மின்ரயில் இங்கேயே திரும்பிடும், சிலது அரக்கோணம், திருத்தணி வரை போகும். டிக்கெட் விலையைச் சொன்னா, பஸ்ஸில் போறவங்க நம்ப மாட்டாங்க.

அப்போ கொத்தவால் சாவடிதான் சென்னைக்குக் காய்கறிச் சந்தை. சென்ட்ரலில் இறங்கினால் எட்டுற தூரம். 1996ல் சந்தை கோயம்பேட்டுக்குப் போனது. நெரிசல் குறைந்தது, லாரிக்கு வசதி, அதையெல்லாம் மறுக்கலை. ஆனா சந்தை தண்டவாளத்தை விட்டு விலகிப் போச்சே! வில்லிவாக்கத்தில் இறங்கி, மூட்டையோடு ஆட்டோ பிடிச்சுப் போய்ச் சேர்ந்தால் லாபம் ஆட்டோவுக்குத்தான். கோயம்பேட்டுக்கு மெட்ரோ வந்தும் மூட்டைக்காரனுக்கு அதில் வேலையில்லை. ஏக்கர் கணக்கில் போடுகிறவன் குட்டியானை வண்டி பிடிச்சு அனுப்பிடுவான். பத்து சென்ட்டில் கீரை போடுகிறவங்களுக்கு அது கட்டுப்படி ஆகுமா?

அவங்களில் பாதிக்கு மேல் பெண்கள். அவங்க கண்டுபிடிச்ச வழிதான் இந்த மின்ரயில். கூடையோடு ஏறி ஆவடி, அம்பத்தூர், கொரட்டூர், பெரம்பூர்னு எங்கே வாடிக்கை இருக்கோ அங்கே இறங்கி, ஸ்டேஷன் வாசலிலேயோ பக்கத்துத் தெருவிலேயோ உட்கார்ந்திடுவாங்க. தரகும் கிடையாது, கமிஷனும் கிடையாது. இயற்கை விவசாயம், நேரடி விற்பனைன்னு மேடை போட்டுப் பேசுறோமே, அதை இவங்க சத்தமில்லாமல் ரொம்ப வருஷமா பண்ணிட்டிருக்காங்க.

அதுக்குத்தான் ரயிலில் வெண்டர் பெட்டி. சரக்கோடு போறவங்களுக்குத் தனி சீசன் டிக்கெட்டும் உண்டு. ஆனா காலை நேரத்தில் அந்தப் பெட்டிக்குள் பாருங்க, பேக் மாட்டினவங்கதான் நிறைய. கூடையை இறக்க இடமில்லாமல் தலையிலேயே வச்சிட்டு நிற்கிற அம்மாவை "ஓரமா போம்மா"ன்னு அதட்டுறவங்களும் இருக்காங்க. யாரையும் திட்ட எழுதலை. மத்த பெட்டியில் கால் வைக்க இடமில்லாமல்தான் இதில் ஏறுறீங்க, தெரியும். ஆனா அந்த ரயிலை விட்டால் உங்களுக்கு ஆபீஸ் ஒரு கால் மணி லேட்டு. அவங்களுக்கு வெயில் ஏறி, கீரை துவண்டு, பாதி விலைக்குக் கேட்பாங்க. அப்படிக் கேட்கிறதும் நம்ம ஆளுங்கதான்.

2025 ஜூலை 13ஆம் தேதி திருவள்ளூர் பக்கத்தில் டீசல் ஏற்றிப் போன சரக்கு ரயில் தடம் புரண்டு எரிஞ்சது. ஞாயித்துக்கிழமை. அன்னிக்கு ரயில் போக்குவரத்தே முடங்கிப் போச்சு. எந்த எக்ஸ்பிரஸ் ரத்து, எது மாற்றுப்பாதைன்னு டிவியில் ஓடிட்டே இருந்தது. பறிச்சு வச்ச கீரை என்ன ஆச்சுன்னு எவன் கேட்டான்? கீரை மறுநாளுக்குத் தாங்காது. மாட்டுக்குத்தான் போடணும்.

புது ரயில், ஏசி ரயில் எல்லாம் வரட்டும், வேண்டாம்னு சொல்லலை. அதோடு விடியற்காலை ரயில்களில் மட்டுமாவது வெண்டர் பெட்டி இன்னொண்ணு கூட்டுங்க. சின்ன ஸ்டேஷன்களில் பிளாட்பாரம் மாற படிக்கட்டுக்குப் பதில் சரிவுப் பாதை போடுங்க. முப்பது கிலோவைத் தலையில் வச்சுப் படி ஏறிப் பார்த்தவங்களுக்கு அது ஏன்னு தெரியும். உங்ககிட்ட கேட்கிறது அதைவிடச் சின்னது. காலையில் அந்தப் பெட்டியை மட்டும் விட்டுடுங்க. பத்து மணிக்கு மேல் திருவள்ளூர் திரும்புற ரயிலில் அதே பெட்டி காத்தாடும். காலிக் கூடையை ஒண்ணுக்குள்ள ஒண்ணு அடுக்கி வச்சிட்டு ஓரமா தூங்கிட்டு வருவாங்க. அப்போ தாராளமா ஏறி உட்காருங்க.